நாற்காலிக்குப் போட்ட மூன்று முடிச்சு

ஊமத்தங்குடிக்காரர்களிடம் ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்துவிடுவார்கள். அவர்களிடம் உள்ள ஆபத்தே அதுதான். குடிதண்ணீரை மூடி வையுங்கள் என்று ஒரு சுகாதார அதிகாரி சொல்லிவிட்டுப் போனதற்கு, ஊரே கூடி ஓலைப்பாய் முடைந்து குளத்தை மூடியது. மாடுகள் பாயின் மேல் நடந்துபோய் உள்ளே விழுந்தன. விழுந்த மாடுகள் தண்ணீர் குடித்ததால் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

கோயில் கொடைத் திருவிழா வந்தால் அந்த ஊரில் ஒரே நாடகம்தான். ‘இரத்தினபுரி இளவரசன்’ என்று பெயர். முழுக்கப் பாட்டு. கிழ ராஜா செத்துப்போவார். கிரீடத்தைத் திருடன் கொண்டுபோவான். இளவரசன் அதை மீட்டுவந்து வணிகர் மகளைக் கல்யாணம் செய்வான். இந்த நாடகத்தை மேடையிலிருந்தே நேரடியாக ஒளிபரப்பப் போவதாக ஒரு தொலைக்காட்சி நிலையம் சொல்லி அனுப்பியது.

அதைக் கேட்டு அதிகம் மகிழ்ந்தவன், இளவரசன் வேஷம் கட்டும் கொம்பையா. முப்பதைத் தாண்டியும் அவனுக்குப் பெண் அமையவில்லை. கருங்காலக்குறிச்சியில் பூரணம் என்ற பெண்ணைக் கேட்டிருந்தார்கள். அவளுடைய தாய்மாமன் சிவனணைந்தான் யோசித்துக்கொண்டே இருந்தார்.

“நாடகக்காரனுக்குப் பொண்ணு குடுக்க வீட்டுல தயங்குதாக. டிவியில வாரும், எல்லாரும் பாக்கோம். ராஜா மாதிரி இருந்தா மறுபேச்சு இல்ல” என்று அவர் சொல்லியிருந்தார். கொம்பையா அன்றிலிருந்து பச்சை முட்டை குடித்துத் தொண்டையைப் பத்திரப்படுத்தினான்.

நிலையத்திலிருந்து மீனலோசனி என்ற அதிகாரி வந்து எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். “இது நேரலை. தப்பு வந்தா வெட்டி ஒட்ட முடியாது. கேமரா ரொம்பக் கிட்ட வந்து பார்க்கும். வேஷம் போட்ட மாதிரியே தெரியக் கூடாது. அந்தந்தப் பாத்திரத்துக்கு அப்படியே அந்த ஆளா இருக்கிறவங்களைப் போடுங்க.”

அவர் போனதும் நாடகக் குழுத் தலைவர் பால்வண்ணம் கூட்டம் போட்டார்.

“முதல்ல சாகுத ராஜா. ஊர்ல சாகுத ஆளு யாருவே இருக்கா?”

“பேச்சிமுத்துத் தாத்தா இருக்காரே அண்ணாச்சி” என்றார் ஆர்மோனியம் வாசிக்கும் ஆவுடையப்பன். “நாளைக்கு இருக்க மாட்டேன்னு தினமும் சொல்லுதாரு.”

“சொன்ன நேரத்துக்குச் சாவாரா?”

“கேட்டுப் பாப்போம்.”

தாத்தாவிடம் கேட்டார்கள். டிவியில் என்றால் சம்மதம் என்றார்.

அடுத்தது திருடன். பக்கத்து ஊர் மயிலேறி ஒருகாலத்தில் பேர்போன திருடன். இப்போது வடை போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தான். குழுவே அவன் கடைக்குப் போய் நின்றது.

“நான் அதையெல்லாம் விட்டுட்டேன் சாமி” என்று அவன் கும்பிட்டான்.

“ஒரே ஒரு நாளைக்குத் திருந்தாம இரு. ஊர் மானம் உன் கையில இருக்கு” என்று பால்வண்ணம் கண் கலங்கினார்.

கொம்பையாவின் முறை வந்தது. அவன் இளவரசனா என்று பார்த்தார்கள். கல்யாணமாகாதவன், பாடுகிறவன், வேலை வெட்டி இல்லாதவன். இளவரசனுக்கு வேறென்ன வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். கொம்பையாவுக்கு மூச்சு வந்தது.

வணிகர் மகளாக எப்போதும் வருகிறவள் செவ்வந்தி. இரண்டு பிள்ளை பெற்றவள்.

“கொம்பையா கட்டிக்கப் போற பொண்ணாத் தெரியணும். நீ வேற ஒருத்தர் கட்டின பொண்ணாச்சேம்மா” என்றார் ஆவுடையப்பன்.

“அப்ப நீரே சேலையைச் சுத்திக்கிட்டு ஆடும்” என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிவிட்டாள்.

“கொம்பையா கட்டிக்கப் போற பொண்ணு யாரு?” என்று கேட்டார் பால்வண்ணம்.

“பூரணம். ஆனா அவங்க நாடகத்தைப் பாத்துட்டுத்தானே முடிவு சொல்லுவாக?”

“அப்ப இப்போதைக்கு இடம் காலியா இருக்கு. காலியா இருக்கிற இடத்தைக் காலியாத்தான் காட்டணும். இல்லாட்டி பொய்யாயிரும்.”

பிச்சாண்டியின் வாடகைக் கடையிலிருந்து ஒரு மர நாற்காலி வந்தது. கேமராவுக்கு இடம் தெரியவேண்டுமே என்று அதற்கு ஒரு பட்டுச்சேலையைச் சுற்றினார்கள்.

ஒளிபரப்பு தொடங்கியது. கொம்பையா கிழ ராஜாவின் கட்டிலருகே மண்டியிட்டு, “தந்தையே, தவிக்க விட்டுப் போவீரோ” என்று பாடினான். கல்லும் கரையும் குரல். கரைந்த எல்லோரும் தாத்தாவைப் பார்த்தார்கள். அவர் சௌகரியமாகப் படுத்திருந்தார்.

“சாகும், தாத்தா” என்றார் ஆவுடையப்பன், ஆர்மோனியத்தை நிறுத்தாமலே.

“இருடே. இந்த லைட்டு மூட்டுக்கு இதமா இருக்கு. ஒரு காப்பி சொல்லு.”

காப்பி வந்தது. ராஜா குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, கடைசிவரை ஒவ்வொருவர் பாட்டுக்கும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

மயிலேறி வந்தான். நாடகப்படி கிரீடத்தை எடுத்துக்கொண்டு அட்டை மலைக்குப் பின்னால் ஒளியவேண்டும், இளவரசன் வந்து பிடிக்கவேண்டும். அவன் கிரீடத்தை எடுத்தான். மேடையை விட்டு இறங்கினான். கேமராவைத் தாண்டிப் போய்ப் பஸ் ஏறிவிட்டான்.

“பாத்தீங்களாம்மா, அப்படியே திருடன்!” என்று பால்வண்ணம் பூரித்தார்.

“என் கைப்பையும் போயிடுச்சு” என்றார் மீனலோசனி.

“அப்ப நாங்க சொன்னதைவிட நல்லாவே செஞ்சிருக்கான்.”

கருங்காலக்குறிச்சியில் பூரணம் பார்த்துக்கொண்டிருப்பாள். ராஜா மாதிரி இருக்கவேண்டியவனுக்குத் தலையில் கிரீடம் இல்லை. கொம்பையா தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கல்யாணப் பாட்டை எடுத்தான். அவன் வாழ்நாளில் அப்படிப் பாடியதில்லை. பாடிக்கொண்டே மஞ்சள் கயிற்றை எடுத்து நாற்காலியின் முதுகில் மூன்று முடிச்சுப் போட்டான். பெண்கள் குலவையிட்டார்கள். சாகாத ராஜா அட்சதை போட்டு அழுதார்.

மறுநாள் காலையில் சிவனணைந்தான் வந்தார். “பாட்டு அருமை மாப்ளே. துண்டு கட்டியிருந்தது அடக்கமா இருந்துச்சாம். பூரணத்துக்குப் பிடிச்சுப்போச்சு.”

கொம்பையா அவர் காலில் விழப்போனான்.

“பொறும். நாற்காலிக்குத் தாலி கட்டினீரா இல்லையா?”

“கட்டினேன். அது நாற்காலிதானே மாமா?”

“நடிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லும், பேச்சை இத்தோட விட்டுருதேன்.”

கொம்பையா வாயைத் திறப்பதற்குள் பால்வண்ணம் குறுக்கே விழுந்தார். “எங்க நாடகத்துல நடிப்பா? எல்லாம் நிசம்!”

“அப்ப எங்க பொண்ணு ரெண்டாந்தாரமா?”

கொம்பையா தலையில் கை வைத்துக்கொண்டான். நெடுநேரம் யோசித்து, மூத்தவளைத் தாய்வீட்டுக்கே அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. வெற்றிலை, பாக்கு, பழத்தோடு நாற்காலியைச் சுமந்துகொண்டு வாடகைக் கடைக்குப் போனார்கள்.

பிச்சாண்டி நாற்காலியை ஆட்டிப் பார்த்தார். “எங்கிட்டேருந்து வரும்போது கால் நல்லாத்தானே இருந்துச்சு? இப்ப ஆடுது. நீங்களே வச்சுக்கிடுங்க.”

“பெத்தவரே வேண்டாங்காரே” என்று ஆவுடையப்பன் மூக்கைச் சிந்தினார்.

இரண்டு நாள் கழித்து முடிவு பூரணத்திடமிருந்தே வந்தது. “மூத்தவ வாய் பேசமாட்டா, சோறும் கேக்கமாட்டா. எனக்கு ஒத்துப்போகும்” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கொம்பையா அன்றைக்கு ஊரெல்லாம் கேட்கப் பாடினான்.

முகூர்த்த நாளில் மாப்பிள்ளையும் பெண்ணும் மணையில் உட்கார்ந்தார்கள். தாலியை எடுக்கும்போது சிவனணைந்தான் கையைத் தூக்கினார்.

“மூத்தவளை ஓரமா நிக்க வச்சுட்டு எங்க பொண்ணு உக்காரலாமா? அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம்.”

நியாயம்தான் என்று எல்லோருக்கும் பட்டது. இன்னொரு நாற்காலி கொண்டுவந்து அதன் மேல் மூத்தவளை உட்காரவைத்தார்கள்.

பால்வண்ணம் உற்றுப் பார்த்தார். “அடியில இருக்கது யாருவே?”

“மூத்தவளுக்குத் தங்கச்சி முறை. ஒரே கடைதானே?”

“அப்ப மாப்பிள்ளைக்குக் கொழுந்தியா. கொழுந்தியாளை நிக்க வைக்கிறதா?”

அவளுக்கும் ஒரு நாற்காலி வந்தது. அந்த நாற்காலிக்கும் ஒன்று வந்தது. மரியாதை யாருக்கும் குறையக் கூடாது என்று பிச்சாண்டியின் கடை காலியாகும்வரை கொண்டுவந்து ஒன்றன்கீழ் ஒன்றாகச் செருகினார்கள்.

முகூர்த்தம் தவறவில்லை. கொம்பையா தாலி கட்டினான். பந்தல் கீற்றை மட்டும் கொஞ்சம் பிரிக்கவேண்டியிருந்தது. மூத்தவளிடம் ஆசீர்வாதம் வாங்க, மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு ஏணியில் ஏறினார்கள்.