சந்தனத்தின் பக்கத்தில் துவரை

மரகதம்மாளின் ஆசிரமத்தில் காவி வாங்குவது சுலபமில்லை. மந்திரத்துக்கு முன்னால் மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிடுவார். ஒரு வருஷம் நாற்பது கன்றுகளை வளர்க்க வேண்டும். அதன் பிறகு வீட்டிலிருந்து ஒருவர் வந்து, "சரி" என்று வாயால் சொல்ல வேண்டும். இரண்டும் நடந்தால்தான் காவி.

வைத்தியலிங்கம் அங்கே வந்தபோது அவருக்கு அறுபத்தொரு வயது. மரகதம்மாளுக்கு நாற்பத்தாறு. குரு தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவர் என்பதில் முதல் நாள் அவருக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. இரண்டாம் நாள் போய்விட்டது. முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ரயில்வேயில் மேலதிகாரிக்கு வயது பார்க்கிற வழக்கம் கிடையாது.

"வீட்ல யார் இருக்காங்க?" என்று கேட்டார் மரகதம்மாள்.

"வீட்டுக்காரி இருக்கா. எங்க அம்மை இருக்கா. அம்மைக்கு எண்பத்தெட்டு வயசு. படுத்த படுக்கைதான்."

"யார் பாத்துக்கிறாங்க?"

"ஆவுடைதான். என் வீட்டுக்காரி. அவ பாத்துக்கிடுவா. எனக்கு அங்க ஒரு பிடிப்பும் இல்லம்மா. எல்லாத்தையும் அறுத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

மரகதம்மாள் கிணற்றுக்கு மேற்கே இருந்த தோட்டத்தைக் காட்டினார்.

தோட்டத்தில் நாற்பது சந்தனக் கன்றுகள் இருந்தன. எட்டு வரிசை, வரிசைக்கு ஐந்து. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு முழம் தள்ளி ஒரு துவரைச் செடி நின்றது.

வைத்தியலிங்கம் தோட்டத்தை ஸ்டேஷனைப் போலத்தான் நடத்தினார். காலை ஐந்தரைக்கு முதல் தண்ணீர். மாலை ஐந்தரைக்கு இரண்டாம் தண்ணீர். பாத்திகளை நூல் பிடித்துச் சரிசெய்தார். ஒரு புல் தலைகாட்டினால் மறுநாள் அது இருக்காது. ஊரிலிருந்து மாதம் ஒரு கடிதம் வந்தது. பிரிக்காமல் சமையலறை அடுப்பில் போட்டார். போடும்போது மனசில் ஒன்றும் தோன்றவில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. துறவு கூடி வருகிறது என்று நினைத்துக்கொண்டார்.

பத்து மாதம் இப்படிப் போயிற்று. கன்றுகள் இடுப்பளவு வளர்ந்தன. துவரை அவற்றைவிட உயரமாக வளர்ந்து, கன்றுகளின் மேல் சாய்ந்தது.

சித்திரையில் மரகதம்மாள் வடக்கே யாத்திரை கிளம்பினார். திரும்ப ஒன்றரை மாதம் ஆகும். ஆனி மாதப் பௌர்ணமியன்று வைத்தியலிங்கத்துக்குக் காவி என்று முடிவாகியிருந்தது. ஆவுடையம்மாளுக்கும் கடிதம் போய்விட்டது.

மரகதம்மாள் கிளம்பிய மறுநாள் வைத்தியலிங்கம் தோட்டத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. துவரை என்னமோ தளதளவென்று இருந்தது. தான் ஊற்றுகிற தண்ணீரில் பாதியை அதுதான் குடிக்கிறது என்று அவருக்குப் பட்டது.

துவரையைப் பிடுங்க ஆரம்பித்தார்.

தோட்ட வேலைக்கு அடிவாரத்திலிருந்து வரும் சுடலி ஓடி வந்தாள். "சாமி, அத என்னத்துக்குப் புடுங்குதீங்க? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

"இது சுவாமிக்கு அரைக்கப் போற சந்தனம். இது பக்கத்துல குழம்புக்குப் போடுத செடிக்கு என்ன வேலை?"

"அம்மாதான வச்சாக?"

"அம்மா சின்னதுல நெழலுக்கு வச்சிருப்பாக. இப்ப கன்னு வளந்தாச்சு. இனி அது தனியா நிக்கும்."

சுடலி வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று நாளில் ஏழு வரிசையை முடித்தார். வேரோடு பிடுங்கினார். துவரை வேர் லேசில் வரவில்லை. எதையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் மண்ணுக்குள் இழுத்தது. அவரும் விடவில்லை. எட்டாவது வரிசைக்கு வரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த ஐந்து கன்றுகளும் துவரையோடு நின்றன.

இரண்டு வாரத்தில் இலைகள் வெளுத்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மூன்று வேளை ஊற்றினார். மூன்றாம் வாரம் இலைகள் மஞ்சளாயின. தொழுவிலிருந்து மக்கிய எருவைச் சுமந்து வந்து வைத்தார். வேப்பம் புண்ணாக்கு வைத்தார். நான்காம் வாரம் கொழுந்துகள் கருகின. தென்னோலை பின்னி ஒவ்வொரு கன்றுக்கும் பந்தல் போட்டார். சாப்பாட்டை ஒருவேளையாகக் குறைத்துக்கொண்டார். எந்தக் கன்றும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

எட்டாவது வரிசையில் மட்டும் இலை பச்சையாக இருந்தது. அங்கே அவர் எருகூட வைக்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஆத்திரமாக வந்தது.

மரகதம்மாள் திரும்பி வந்த அன்று வைத்தியலிங்கம் தோட்டத்து வாசலிலேயே அவர் காலில் விழுந்தார். அழுதார். ஓய்வுபெற்ற அன்றுகூட அழாத மனிதர்.

"கொன்னுட்டேம்மா. இருபத்திரண்டு செத்துப்போச்சு. பதிமூணு இழுத்துக்கிட்டுக் கிடக்கு."

"என்ன செஞ்சீங்க?"

"எல்லாம் செஞ்சேன். மூணு வேள தண்ணி. எரு. புண்ணாக்கு. பந்தல். களை ஒண்ணு விடாமப் பிடுங்கினேன்."

"என்ன களை?"

"துவரை."

மரகதம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பட்டுப்போன ஒரு கன்றை விரலால் தொட்டார். அது ஒடிந்து கையோடு வந்தது. மூன்று வருஷம் காத்திருந்து அவர் விதை எடுத்து முளைக்க வைத்த கன்று அது. கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லிட்டுப் போயிருக்கணும்" என்றார். "என் தப்பும் இதுல இருக்கு."

"எனக்குக் காவி கெடைக்காதுல்லாம்மா?"

"நாளைக்கு உங்க வீட்டுக்காரம்மா வர்றாங்க. வரட்டும்."

ஆவுடையம்மாள் மறுநாள் காலை பத்தரைக்கு வந்து சேர்ந்தாள். மூன்று பஸ் மாறி, கடைசியில் மலைப்பாதையில் நடந்து வந்திருந்தாள். கூடத்தில் தூணோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கணவனைப் பார்த்ததும் எழுந்தாள். பதினொரு மாதம் கழித்துப் பார்க்கிறாள். முதலில் கேட்டது இதுதான்:

"இடுப்பப் பிடிச்சிக்கிட்டு நடக்கீங்களே, என்ன?"

"ஒண்ணுமில்ல."

"எண்ணெய் தேச்சு வெந்நி ஊத்துங்க."

அவர் தலையாட்டினார். பிறகு, கேட்க வேண்டாம் என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"அம்மை எப்படி இருக்கா?"

"இருக்காவ. முதுகுல புண்ணு வந்து ஆறிட்டு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கேன். சாயங்காலமானா உங்களத் தேடுதாவ. டூட்டிக்குப் போயிருக்காகன்னு சொல்லி வச்சிருக்கேன். சரின்னு தூங்கிருதாவ." அவள் மரகதம்மாள் பக்கம் திரும்பினாள். "அடுத்த வீட்டுப் பிள்ளைய உக்கார வச்சிட்டு வந்திருக்கேன்மா. நான் என்ன சொல்லணும்னு சொன்னீங்கன்னா சொல்லிட்டுக் கெளம்பிருவேன்."

"உங்களுக்குச் சம்மதம்னா 'சரி'ன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

ஆவுடையம்மாள் வாயைத் திறந்தாள். மரகதம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொஞ்சம் பொறுங்க. இவர் ஒண்ணு பாக்க வேண்டியிருக்கு. பாத்துட்டு வரட்டும். அதுக்கு அப்புறம் சொல்லுங்க."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். ஆசிரமத்துப் பெண் ஒருத்தி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மரகதம்மாள் ஒரு சின்னக் களைக்கொத்தும் ஒரு செம்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டார். வைத்தியலிங்கம் பின்னால் நடந்தார். இருவரும் பட்டுப்போன வரிசைகளைத் தாண்டி எட்டாவது வரிசைக்குப் போனார்கள். பச்சையாக நின்ற ஒரு கன்றின் முன்னால் மரகதம்மாள் மண்டியிட்டார்.

கன்றுக்கும் துவரைக்கும் நடுவில் இருந்த மண்ணை மெதுவாகக் கொத்தினார். ஒரு சாண் ஆழம் போனதும் கொத்தைக் கீழே வைத்தார். விரலால் மண்ணை விலக்கினார். பிறகு செம்பிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். மண் கரைந்து இறங்கியது. இரண்டு வேர்கள் தெரிந்தன.

"பாருங்க."

வைத்தியலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். சந்தனத்தின் வேர் துவரையின் வேரை நோக்கி வந்திருந்தது. தொட்ட இடத்தில் அரிசி அளவில் வெள்ளையாக ஒரு புடைப்பு. அது துவரை வேரின் மேல் கவிழ்ந்து அப்பியிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்குக் கீழே இன்னும் நான்கைந்து.

"இது என்னதும்மா?"

"சந்தனத்தோட வாய்."

அவருக்கு விளங்கவில்லை.

"சந்தன வேர் தானா மண்ணுல இருந்து எடுக்கிறது கொஞ்சம்தான். அது போதாது. பக்கத்துச் செடியோட வேரைத் தேடிப் போய்ப் பிடிச்சுக்கும். உள்ள துளைச்சுப் போகும். தண்ணிய, மண்ணுல கரைஞ்ச உப்ப எல்லாம் அங்கிருந்து உறிஞ்சிக்கும்."

"அதுக்குத்தான் எல இருக்கே. பச்சையாத்தான இருக்கு?"

"இருக்கு. வெயில வச்சுத் தனக்கு வேண்டியத அதுவே சமைச்சுக்கும். உலைக்குத் தண்ணி மட்டும் அடுத்தவங்க வீட்டுது."

வைத்தியலிங்கம் அந்த வெள்ளைப் புடைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடுங்கும்போது வராமல் இழுத்தது எது என்று இப்போது தெரிந்தது. கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டார்.

"எல்லாச் சந்தனமும் இப்படித்தானாம்மா? காட்டுல தானா வளருததும்?"

"எல்லாம்தான்."

"கோயில்ல அரைக்கிறது?"

"அதுவும்தான்."

"தனியா நின்னு வளந்த சந்தனம்னு ஒண்ணு இல்லவே இல்லையா?"

"தனியா நின்ன மாதிரி தெரியும். மேல இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும்."

அவர் சுற்றிலும் பார்த்தார். ஏழு வரிசை. நூல் பிடித்த பாத்திகள். ஒரு புல் கிடையாது. தோட்டம் முழுக்க அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"மிச்சம் பதிமூணையும் காப்பாத்த முடியுமா?"

"இன்னைக்கே பக்கத்துல துவரை விதைக்கலாம். வேர் போய்ச் சேர்ற வரைக்கும் கன்னு உயிரோட இருந்தா பொழைக்கும். சொல்ல முடியாது."

"நானே விதைக்கேன்."

"விதைங்க."

மரகதம்மாள் தோண்டிய மண்ணை இரண்டு கையாலும் அள்ளி வேர்களின் மேல் போட்டார். அழுத்தாமல் தட்டிவிட்டார். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அதன் மேல் ஊற்றினார்.

வைத்தியலிங்கம் எழுந்திருக்கவில்லை. ஏதோ கேட்க நினைத்தார். காவியைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று மரகதம்மாள் நினைத்தார்.

அவரோ துவரைச் செடியைப் பார்த்துக் கேட்டார்:

"சந்தனம் தண்ணிய எடுக்கு, உப்ப எடுக்கு. சரி. பதிலுக்குத் துவரைக்கு அது என்னம்மா குடுக்கு?"

மரகதம்மாள் எழுந்து கைமண்ணைத் தட்டினார்.

"அத என்கிட்ட கேக்காதீங்க. கேக்க வேண்டியவங்க கூடத்துல உக்காந்திருக்காங்க."