சபையில் ஏறாத சொல்

முன்னொரு காலத்தில் கடலோரத்தில் பவழமுனை என்றொரு நாடு. அதைக் கோதண்ட வில்லவராயர் என்ற ராஜா ஆண்டு வந்தார். தங்கமான மனிதர்தான். ஆனால் மாதத்துக்கு ஒரு பித்து பிடிக்கும். போன மாதம் சேவல் சண்டை, அதற்கு முந்தின மாதம் பட்டம். இந்த மாதம் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் நங்கூரம் போட்டதும், பிடித்ததையா இங்கிலீஷ் பித்து!

கப்பல்காரர்களோடு பேசத் தெரிந்த ஒரே ஆள் துபாஷி கஸ்தூரியப்பர். தினமும் கப்பலுக்குப் போவார், ஒரு சொல்லோடு திரும்புவார். சபையில் சொன்னால் ராஜா ஒரு பட்டுச் சால்வை போர்த்துவார். ஆனால் ஒரு சட்டம் உண்டு. நடித்துக் காட்டாத சொல் சபையில் ஏறாது, அரண்மனை ஏட்டிலும் ஏறாது.

என்ன காரணமோ, கப்பல் தலைவன் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அடுத்தவன் தலையில் மிளகாய் அரைக்கிற சொற்களாகவே இருந்தன. 'சீட்', அதாவது ஏமாற்றுவது, என்றார் துபாஷி. மோரைப் பால் என்று சொல்லித் தளபதியிடம் நீட்டினார். தளபதி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். சால்வை! 'பிளஃப்', அதாவது இல்லாததை இருப்பதாகக் காட்டி மிரட்டுவது, என்றார். கத்தியே இல்லாத வெறும் உறையைத் தட்டிக்கொண்டு வாயிற்காவலன் மேல் பாய்ந்தார். அவன் தலைப்பாகையை விட்டுவிட்டு ஓடினான். சால்வை! ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பூரிப்பில், அரண்மனைச் சாமான்களை வைக்கும் உக்கிராண அறையின் சாவியையும் அவரிடமே கொடுத்துவிட்டார். அது வரைக்கும் அந்தச் சாவி மந்திரி திருவுடையாரிடம் இருந்தது.

"என்ன மந்திரியாரே, ஒரே பாஷையை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்?" என்று துபாஷி கிண்டல் செய்வார். திருவுடையார் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை மாசாணி என்ற மலைக்காரியைக் காவலர்கள் பிடித்து வந்தார்கள். பன்னிரண்டு வருஷமாக அரண்மனைக்குத் தேன் கொண்டுவருபவள் அவள். குடத்தின் வாயை மெழுகால் அடைத்து, தன் செப்பு மோதிரத்தைப் பதித்துத்தான் அனுப்புவாள். குடம் உக்கிராண அறையில் இருக்கும், ராஜாவின் முன்னால்தான் முத்திரையை உடைப்பார்கள். நேற்று உடைத்தபோது உள்ளே இருந்தது வெல்லப்பாகு!

"முத்திரை அப்படியே இருந்தது, மகாராஜா. அப்படியென்றால் பாகை ஊற்றியது யார்? இவள்தானே!" என்றார் துபாஷி.

ராஜாவுக்கு மூக்கின் மேல் கோபம். "உச்சிப்பொழுதில் மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி, நாட்டை விட்டு விரட்டுங்கள்!"

"சாமி, நான் தேன்தான் சாமி ஊத்துனேன்! எம்புள்ளைங்க மேல சத்தியம்!" என்று கதறினாள் மாசாணி. இன்றைக்குக் கொடுக்கக் கொண்டுவந்த புதுக்குடம் இடுப்பிலேயே இருந்தது.

திருவுடையாரின் கண் அவள்மேல் இல்லை. தரையில் வைத்திருந்த பாகுக்குடத்தின் மேல் இருந்தது. எறும்புகள் திறந்திருந்த வாய்ப்பக்கம் போகாமல், அடிப்பக்கம் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன.

மெல்ல எழுந்தார். "மகாராஜா, உச்சிப்பொழுதுக்கு நேரம் இருக்கிறது. இந்தக் குற்றத்துக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று தெரிந்துகொண்டால் என்ன?"

ராஜாவின் முகம் மலர்ந்தது. துபாஷி துள்ளினார். "ஸ்விண்டில்! திட்டம் போட்டு ஏமாற்றுவது. பாகை ஊற்றித் தேன் என்று விற்றாளே, அதுதான்!"

"அது மோரைப் பால் என்று நீட்டிய அதே நடிப்பல்லவா? ஒரே நடிப்புக்கு இரண்டு சால்வையா, மகாராஜா?"

"நியாயம்! புது நடிப்பு வேண்டும்," என்றார் ராஜா.

"துபாஷியார் பெரிய கெட்டிக்காரர். இந்தப் புதுக்குடத்தின் முத்திரையைத் தொடாமல் தேனை வெளியே எடுக்கட்டும். அது திட்டம்! ஆனால் யாராலும் முடியாது. முடியாவிட்டால் சொல் வெறும் சொல். வாங்கிய சால்வைகளையெல்லாம் திருப்பித் தந்துவிடட்டும்."

"ஆமாம்! திருப்பித் தா!" என்று ராஜா கையைத் தட்டினார்.

சபையே சிரித்தது. துபாஷிக்குக் காது சிவந்துவிட்டது. "யாராலும் முடியாதா? கொண்டாருங்கள் ஒரு ஆணி! கொஞ்சம் மெழுகு, விளக்குக் கரி!"

குடத்தைக் கவிழ்த்தார். அடியில் சுண்டுவிரல் அளவுக்குத் துளை போட்டார். குடத்தைச் சாய்த்துத் தேனைக் கிண்ணத்தில் வடித்தார். துளை வழியே தண்ணீரை ஊற்றினார். கரியைக் குழைத்த மெழுகால் அடைத்து, கட்டைவிரலால் தேய்த்தார். மண்ணோடு மண்ணாகத் துளை மறைந்தே போயிற்று. முத்திரை அலுங்கவில்லை! சபை எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. ராஜா சால்வையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"பொறுங்கள், மகாராஜா," என்றார் திருவுடையார். பாகுக்குடத்தைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார். அதே இடம், அதே அளவு, அதே கரிமெழுகு. வழித்த கட்டைவிரல் தடம்கூட ஒன்றேதான்!

"இந்தக் குடம் இருந்த அறையின் சாவி யாரிடம், துபாஷியாரே?"

ஆரவாரம் நின்றது. துபாஷி ராஜாவின் காலில் தடாலென்று விழுந்தார். "மன்னிக்க வேண்டும்! சாவி என் கைக்கு வந்தது தெரிந்ததும், கப்பல் தலைவன் இனிச் சும்மா சொல்லித்தர மாட்டேன் என்றான். ஒரு சொல்லுக்கு ஒரு கிண்ணம் தேன் கேட்டான்..."

ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சாவி கைமாறிய பிறகு தான் கைதட்டி ரசித்த ஒவ்வொரு சொல்லும் இந்தப் பெண்ணின் தேனுக்கு வாங்கியது! சாவி அப்போதே மந்திரியின் கைக்குத் திரும்பியது. துபாஷி வாங்கிய சால்வைகளையெல்லாம் சுமந்துகொண்டு, மாசாணிக்காகச் சபை வாசலில் நிறுத்தியிருந்த கழுதைமேல் ஏறினார். கையில் இருந்த சால்வையை ராஜா மாசாணியிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அந்த ஐயா ஏமாத்துனதுக்கு இத்தனை பேரு வச்சிருக்காங்க. ஒண்ணும் செய்யாத என்னைய மொட்டையடிக்கச் சொன்னீங்களே சாமி, அதுக்கு அந்தப் பாஷையில என்ன பேரு?"

ராஜாவுக்கு முகம் வெளிறியது. கழுதைமேல் இருந்த துபாஷியைப் பார்த்தார். துபாஷிக்கு அந்தச் சொல் தெரியும். வாயைத் திறந்தார்.

"சொல்லாதே!" என்றார் ராஜா. "சொன்னால் நடித்துக் காட்ட வேண்டும். உச்சிப்பொழுதில் அதை நடித்துக் காட்ட இருந்தவன் நான்தான்."

ஏட்டை மூடச் சொன்னார். சிம்மாசனத்தை விட்டு இறங்கி, மாசாணியின் முன்னால் வந்து நின்று, "தப்பு என்னுடையது அம்மா, மன்னித்துவிடு," என்று எல்லோர் காதிலும் விழும்படி தமிழிலேயே சொன்னார்.