கனகாம்புயத்தின் இரண்டு விரல்

ஆலங்குறிச்சி என்று ஒரு சின்ன ராஜ்யம். அதற்கு வல்லபதேவன் என்று ஒரு ராஜா. நல்ல மனுஷன்தான், ஆனால் கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார். அப்படிப்பட்ட ராஜாவிடம் மந்திரியாக இருப்பதைப் போலச் சுகமான உத்தியோகம் உண்டா? தண்டபாணியார் அந்தச் சுகத்தை இருபது வருஷமாக அனுபவித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே ஒரு தலைவலி, கனகாம்புயம்.

இன்றைக்கு நாம் திருநங்கை என்று மரியாதையாகச் சொல்கிறோமே, கனகாம்புயம் அப்படிப்பட்டவள். பெற்ற வீடு துரத்திவிட்டது. ஊர் ஊராக அலைந்து ஆலங்குறிச்சிக்கு வந்தாள். அவள் வாய் சாமர்த்தியத்தைப் பார்த்த மகாராணி, சபையிலேயே ஓர் ஆசனம் போட்டுக் கொடுத்துவிட்டார். ராஜா சிரிக்க வேண்டுமென்றால் அவள், யோசிக்க வேண்டுமென்றாலும் அவள். மந்திரிக்கு வயிறு எரியாதா?

வயிறு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சபையில் ஒரு வழக்கம். ஆண்கள் ராஜா முன்னால் மேலே துணி போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் மரியாதை. அதனால் மந்திரியாரின் தொப்பை சந்தனம் பூசிக்கொண்டு தினமும் சபைக்கு வரும். அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

ஒருநாள் மந்திரி எழுந்து நின்றார்.

"மகாராஜா! இந்தக் கனகாம்புயம் உடுத்துகிற லட்சணத்தைப் பாருங்கள். ரவிக்கைக்கும் கொசுவத்துக்கும் நடுவே இடுப்பு தெரிகிறது. முழுசாக இரண்டு விரல்!"

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, தன் தடித்த விரல்கள் இரண்டைத் தூக்கி, தூரத்திலிருந்தே அளந்து வேறு காட்டினார்.

"மகாராணியின் தோழிகளுக்கும் அதே இரண்டு விரல் தெரியுதே ஐயா. அதை அளக்கலையா?" என்றாள் கனகாம்புயம்.

"அவர்கள் பெண்கள்!"

"போன மாசம் கழுத்திலிருந்து கால்வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கிட்டு வந்தேன். அப்போ, 'எதையோ மறைக்குது'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மந்திரி அதைக் காதில் வாங்கவே இல்லை. "பிறந்தது ஆணாக. புடவை சுற்றினால் ஆயிற்றா? என் வாயால் ஒருநாளும் பெண் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு ஆண்களுக்குரிய முறைப்படி வரட்டும். இல்லையென்றால் ஆசனத்தைக் காலி செய்யட்டும்!"

கடைசியாகப் பேசியது மந்திரி. ராஜா தலையை ஆட்டிவிட்டார். "கனகாம்புயம், சபை முறை மந்திரியின் பொறுப்பு. அவர் சொன்னபடியே நாளைக்கு வா."

வீட்டுக்குப் போனதும் அவள் நடந்ததைச் சொல்லி அழுதுவிட்டாள். கூட இருந்த தோழி அல்லி பதறிப்போனாள்.

"அக்கா, அந்த ஆளு முன்னாடி அப்படி நிக்கிறதாவது! வேணாம்க்கா, வேற ஊருக்குப் போயிடலாம்."

"எத்தனை ஊருடி மாறுறது? கொஞ்சம் தெரிஞ்சா வெட்கம் கெட்டவங்கிறாங்க. மூடினா ஏமாத்துறவங்கிறாங்க. எனக்குன்னு கிடைச்சது அந்த ஒரு ஆசனம்தான். அதை விட மாட்டேன்."

மூக்கை உறிஞ்சினாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "அல்லி, நம்மகிட்ட பெரிய கம்பளி ஒண்ணு இருந்ததே, எங்கே?"

மறுநாள் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கழுத்திலிருந்து கால்வரை கருப்புக் கம்பளி போர்த்திக்கொண்டு கனகாம்புயம் சபைக்குள் வந்தாள். ராஜாவுக்கு அவளைப் பார்க்கும்போதே வியர்த்தது.

"என்ன இது கோலம்?"

"மந்திரியாருடைய உத்தரவு மகாராஜா. ஆண்களுக்குரிய முறைப்படி வரச் சொன்னார். தெருவிலே அப்படி நடந்து வர முடியுமா? அதான் கம்பளி. சபைக்கு வந்தாச்சு, இனி மேல்துணியை எடுத்துடணும்." மந்திரியின் ஆசனத்துக்கு நேர் எதிரே போய் நின்றாள். "மந்திரியாரே, எடுத்துடட்டுமா?"

மந்திரி ஆசனத்திலேயே பின்னுக்கு நகர்ந்தார்.

"ஒண்ணு..." என்றபடி கம்பளியின் முனையைப் பிடித்தாள். "ரெண்டு..."

"ஐயையோ! நிறுத்து!" மந்திரி துள்ளி எழுந்தார். இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "மகாராஜா, தடுங்கள்! இத்தனை ஆண்கள் இருக்கிற சபையில் ஒரு பெண் இப்படிச் செய்யலாமா?"

சபையே மந்திரியைத் திரும்பிப் பார்த்தது.

ராஜாதான் முதலில் வாயைத் திறந்தார். "மந்திரியாரே, யார் என்றீர்கள்? இன்னொரு தரம் சொல்லுங்கள்."

மந்திரி துண்டுக்குள்ளிருந்து முனகினார். அந்த முனகலே போதும் என்று மகாராணி திரைக்குப் பின்னாலிருந்து கை தட்டினார்.

கனகாம்புயம் கம்பளியை உதறினாள். உள்ளே பச்சைப் புடவை, அதற்கேற்ற ரவிக்கை, நடுவே வழக்கம்போல அதே இடைவெளி. "அப்பாடா! இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா வெந்தே போயிருப்பேன்" என்று முந்தானையால் விசிறிக்கொண்டே போய்த் தன் ஆசனத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் சரி. இனிமேல் இந்தப் பேச்சு வரக் கூடாது. இடுப்பு எத்தனை விரல் தெரியலாம் என்று நீயே ஓர் அளவு சொல்லிவிடு" என்றார் ராஜா.

"மந்திரியார் சொன்ன ரெண்டு விரலே இருக்கட்டும் மகாராஜா. வெயில் காலத்திலே மூணு ஆகும், மழைக்காலத்திலே ஒண்ணாகும். ஆனா ஒண்ணு, அளக்கிற விரல் என்னோடதா இருக்கணும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கையிலிருந்த மரகத மோதிரத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"இந்தா, அந்த விரலில் போட்டுக்கொள்!"