ஒரு சிவப்புக் கூரையும் மூன்று வாக்கும்

கதையை நான் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். முடிச்சை அவிழ்க்க வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது.

கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நடுவே மண் திடல், அதன் மேற்குப் பக்கம் கட்டடம் ஏதுமில்லாத வெட்டவெளி. அந்தத் திடலைச் சீர்செய்யும் வேலை தமயந்தி என்ற இளம் கட்டடக் கலைஞரிடம் வந்தது. அவள் வீடு வீடாக ஏறி, கொடுத்த காப்பியையெல்லாம் குடித்து, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். ஆளுக்கொன்று சொன்னார்கள். எனவே எல்லா பெஞ்சுகளுக்கும் சக்கரம் வைத்துவிட்டாள், வேண்டியவர்கள் வேண்டிய இடத்துக்கு இழுத்துக்கொள்ளட்டும் என்று. கயிற்றை இழுத்தால் கம்பியில் நகரும் சிவப்புத் துணிக் கூரை ஒன்றும் போட்டாள். சாய்வெயிலை மறைக்க அதன் மேற்கு ஓரம் தரைவரை தொங்கும். திடலின் ஒரு மூலையைத்தான் அந்தக் கூரையால் மறைக்க முடியும்.

வார்டு உறுப்பினர் நாச்சிமுத்துவுக்கு இந்தச் சக்கர விவகாரம் அறவே பிடிக்கவில்லை.

"பெஞ்சுன்னா ஒரே எடத்துல கெடக்கோணும் அம்மிணி. இல்லாட்டி சண்டைதான் வரும். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வந்து பார்க்கறேன். ஒரு சண்டை கண்ணுல பட்டாலும் அத்தனையையும் சிமெண்டு போட்டு நட்டுருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தமயந்தி தனியாகச் செய்த முதல் வேலை அது.

மற்றபடி திடல் களைகட்டித்தான் இருந்தது. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் அப்பாஸ் பாயும் கூட்டாளிகளும் கேரம் பலகை வைத்த பெஞ்சைத் தண்ணீர்த்தொட்டிச் சுவரோரம், நல்ல வெளிச்சத்துக்கு இழுத்துப் போய்விடுவார்கள். ஒருமுறை கூரைக்கு அடியில் ஆடியதில் வெள்ளைக் காயும் சிவப்புக் காயும் ஒன்றுபோலத் தெரிந்து, பெரிய வாய்த்தகராறே நடந்தது. ஏழு மாதக் கர்ப்பிணி கோகிலா, கணவனிடம் சொல்லிப் பெஞ்சை மேற்கு ஓரத்துக்கு இழுக்கவைத்து, மேற்கிலிருந்து வரும் பாலக்காட்டுக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு உட்காருவாள். அவளுக்கு மூச்சு வாங்குவது அங்கேதான் அடங்கும். இஸ்திரி வண்டி அந்தோணியம்மாள் காலையில் ஒரு கட்டடத்து நிழல், பிறகு இன்னொன்று என்று நிழலைத் துரத்திக்கொண்டே வண்டியைத் தள்ளுவார். காற்று வீசினால் கரிப்பொறி பறந்து யார் சட்டையிலாவது விழுமோ என்று முந்தானையை விரித்து மறைப்பார்.

அந்த வாரம் தமயந்தியிடம் முதலில் வந்தவர் அப்பாஸ் பாய். "ஞாயித்துக்கிழமை பக்கத்துக் குடியிருப்புக்காரங்களோட ஃபைனல்மா. கூரை நம்ம பக்கம் இருந்தாத்தான் கௌரவம்."

அடுத்து கோகிலாவின் மாமியார் ருக்குமணி. "அன்னிக்கு மருமவளுக்கு வளைகாப்புங் கண்ணு. சொந்தபந்தமெல்லாம் வருது. கூரையில்லாம பண்ணுனா நாலு பேரு என்ன பேசுவாங்க?" கோகிலா பக்கத்தில்தான் நின்றாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியாக அந்தோணியம்மாள் தயங்கித் தயங்கி வந்தார். "எனக்கு விசேஷம் கிசேஷமெல்லாம் இல்லீங்க மேடம். திங்கக்கெழமை யூனிஃபார்மெல்லாம் ஞாயித்துக்கெழமைதான் வந்து குமியும். கூரை சும்மா கெடந்தா நம்ம பக்கம் இழுத்து வுடுங்க."

யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவது தமயந்தியின் வியாதி. மூவரிடமும், "அன்றைக்கு இடம் உங்களுக்கு வேண்டியபடி இருக்கும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிறு பிற்பகல் மூன்று தரப்பும் கயிற்றருகே கூடிவிட்டன. நான்தான் முதலில் கேட்டேன் என்றார் பாய். வளைகாப்பு தினமுமா வருகிறது என்றார் ருக்குமணி. அந்தோணியம்மாள் கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். தெருமுனையில் நாச்சிமுத்துவின் வண்டிச் சத்தம் கேட்டது. தமயந்தி தலையைத் தொங்கப்போட்டு மண்ணைப் பார்த்தாள். பல நாள் சக்கரத் தடங்கள் அங்கே பதிந்து கிடந்தன. அவள் முகம் மலர்ந்தது. எட்டிக் கயிற்றைப் பிடித்தாள்.

சொல்லுங்கள், கூரையை அவள் யார் பக்கம் இழுத்தால் மூன்று வாக்கும் நிலைக்கும்?

விடை: அந்தோணியம்மாள் பக்கம். வாய் கேட்டது வேறு, சக்கரம் போன இடம் வேறு. பாயின் தடம் வெளிச்சத்துக்கும், கோகிலாவின் தடம் காற்றுக்கும் போயிருந்தன. இஸ்திரி வண்டியின் தடம் மட்டுமே நிழலைத் தேடியது. மேற்கு ஓரத்தில் கூரையைப் போட்டிருந்தால் கோகிலாவுக்குக் காற்று அடைத்திருக்கும், கேரம் பலகைமேல் போட்டிருந்தால் சிவப்பு வெளிச்சத்தில் காய் குழம்பி ஃபைனல் அடிதடியில் முடிந்திருக்கும். தமயந்தி முதல் தடவையாகக் கோகிலாவிடமே கேட்டாள். "எனக்குக் காத்துதாங்க்கா வேணும்" என்றாள் அவள். ருக்குமணி பெஞ்சை மேற்கு ஓரத்துக்கு இழுக்கப் போனார். பாய் பழைய வாய்த்தகராறை நினைத்துத் தாமே கயிற்றுக்குக் கை கொடுத்தார்.

நாச்சிமுத்து வந்து சண்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. யாரோ வளைகாப்புச் சாதத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு கையில் தட்டோடு, மறு கையால் ஒரு பெஞ்சை இழுத்துப்போய்க் கேரம் பலகையருகே போட்டு உட்கார்ந்தார்.

"சிமெண்டு எப்போ வருதுங்க?" என்று கேட்டாள் தமயந்தி.

"சித்த இருங்க அம்மிணி, அந்தச் சிவப்புக் காய் விழுகட்டும்" என்றார் அவர்.