எஸ்-5க்கு மட்டும் பளபளப்பு

பெரம்பூரில் ரெஜினா டீச்சர் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடக்கும். கையளவு மாடல் ரயில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லித் தருவார். டீச்சருக்கு நாற்பத்திரண்டு வயது. நாக்கில் மிளகாய். வந்த மாணவர்கள் வந்த வேகத்தில் ஓடிப்போனார்கள். நிலைத்தவர் ஒருவர்தான். தைரியநாதன், அறுபத்து மூன்று வயது, ரிட்டயரான ரயில்வே கார்டு. வண்டியின் வாலில் நின்று பச்சைக் கொடி காட்டுகிற வேலையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர்.

முதலில் நீலம். அது காய்ந்ததும் பளபளப்பு வார்னிஷ். பரப்பு வழுவழுவென்று இருந்தால்தான் நம்பர் ஒட்டும். நம்பர் அச்சடித்த தாளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, எழுத்து தானாக நகரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதைப் பெட்டியின் மேல் நகர்த்தி உட்காரவைத்தபின், எல்லாவற்றுக்கும் மேலே, நம்பர் உரிந்துவிடாமல் காக்க, மேட் வார்னிஷ். அதோடு மினுக்கெல்லாம் அடங்கி, பொம்மை நிஜப் பெட்டியாகிவிடும்.

தைரியநாதன் பன்னிரண்டு பெட்டி செய்தார். பதினொன்று முடிந்துவிட்டது. எஸ்-5 மட்டும் நம்பரோடு, பளபளப்போடு, ஒன்பது வாரமாக மேசையில் நின்றது.

"இன்னைக்காவது அடிப்பீங்களா சார்?"

"காத்துல ஈரம் இருக்கு டீச்சர். மேட் வெள்ளை பூத்துடும்."

"போன வாரம்?"

"ஸ்பிரே அடைச்சுக்கிச்சு."

"அதுக்கு முந்தின வாரம்?"

"தோள் வலி."

"பதினோரு பெட்டிக்கு வராத தோள் வலி." டீச்சர் எஸ்-5ஐ விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினார். "மத்ததெல்லாம் பவுடர் போட்டுக்கிட்டு லட்சணமா நிக்குது. இது மட்டும் எண்ணெய் வடியற மூஞ்சியோட. கல்யாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா இதை?"

தைரியநாதன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"லில்லி இதுலதான் ஏறினா டீச்சர்."

லில்லி அவர் மனைவி. டீச்சர் பிரஷைக் கீழே வைத்தார்.

"ஈரோட்டுல அவ அக்கா வீட்டுக்கு. அன்னைக்கு அந்த வண்டிக்கு நான்தான் கார்டு. காட்பாடி தாண்டினதும் நெஞ்சைப் பிடிச்சிருக்கா. தூங்கறான்னு பக்கத்துல இருந்தவங்க நினைச்சுட்டாங்க."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"சேலத்துல. அதுக்குள்ள ஆம்பூர்ல கொடி காட்டினேன். வாணியம்பாடியில காட்டினேன். ஜோலார்பேட்டையில தலையை நீட்டிப் பார்த்தேன். வண்டி நின்னா ஜன்னல்ல கையை ஆட்டுவா, வீட்ல கொசு விரட்டற மாதிரி. அன்னைக்குக் கை தெரியல. வெயில்ல அசந்துட்டா போலன்னு..."

"கொடி காட்டினீங்க."

"காட்டினேன்."

கீழே தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. குடங்கள் இடிபடும் சத்தம் மாடிவரை வந்தது.

"இதை முடிச்சா வண்டி ரெடி ஆயிடும் டீச்சர். ரெடியானா நான்தான் கொடி காட்டணும்." எஸ்-5இன் பக்கவாட்டை அவர் தொடாமல், ஒரு விரற்கடை தள்ளியே தடவினார். "இப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. மேட் அடிச்சா மங்கிடும். முடிக்காம வச்சா என்ன கெட்டுப்போச்சு?"

டீச்சர் எழுந்து உள்ளே போய், பழைய செருப்பு அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார்.

"திறங்க."

உள்ளே பஞ்சு மெத்தை. அதன்மேல் கருஞ்சிவப்பில் ஒரு ரயில் பெட்டி. ஜன்னல் கம்பிகூட ஒவ்வொன்றாகத் தீட்டியிருந்தது. கண்ணாடி போல மினுங்கியது.

"மேட் அடிக்கலையா டீச்சர்?"

"அன்னைக்கு எனக்கும் காத்துல ஈரம் இருந்துச்சு. பதினாறு வருஷமா இருக்கு."

"யாரோட பெட்டி?"

"என் தம்பி ஜெரால்டு. புது வேலைக்குப் போனான். ஏத்திவிட்டது நான். ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டே ஓடினப்போ பெட்டி நம்பரைப் பார்த்து வச்சுக்கிட்டேன். போன இடத்துல பத்தாம் நாள் காய்ச்சல்ல செத்துட்டான். அந்த மாசமே இதைச் செஞ்சேன். அப்புறம் பஞ்சுல வச்சு மூடிட்டேன். தூசி படக்கூடாதாம். கை படக்கூடாதாம்."

தைரியநாதன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். ரயில்வேக்காரர். கண் முதலில் நம்பருக்குத்தான் போயிற்று. ஐந்து இலக்கத்தில் ஏழு இருந்தது, இரண்டு இருந்தது. அதற்குப் பிறகு பசைக் கறை. கீழே பஞ்சில் வெங்காயச் சருகு போல என்னவோ சிதறிக் கிடந்தது. அவர் இடுக்கியால் ஒரு துணுக்கை எடுத்தார். அது எடுக்கும்போதே பொடிந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும்.

இடுக்கியை மெல்லக் கீழே வைத்தார்.

"போனாப் போகுது டீச்சர். மிச்ச மூணு நம்பரைச் சொல்லுங்க. நான் புதுசா அச்சடிச்சு ஒட்டித் தர்றேன்."

டீச்சர் அட்டைப்பெட்டியை மூடினார். மேட் வார்னிஷ் புட்டியை எடுத்துக் குலுக்கி, அவர் கையில் கொடுத்தார்.

"அது ஞாபகம் இருந்தா நான் ஏன் சார் உங்களை இப்படி விரட்டிக்கிட்டிருக்கேன்?"