பொன்னாடை ஒன்று, தோள் மூன்று

பாதிக் கதையிலேயே விடை தெரிந்துவிட்டது என்று கையைத் தூக்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கடைசிவரை கேட்கட்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு மைதானம். அங்கே காலை நடை போகிறவர்களுக்கு ஒரு சங்கம். நடப்பது கொஞ்சம்தான், அருகம்புல் சாறு விற்கிறவரைச் சுற்றி நின்று பேசுவதுதான் அதிகம். ஒருவர் முழங்கால் வலிக்கிறது என்றால் போதும், நாலு பேர் சட்டைப்பையிலிருந்து நாலு விதமான மாத்திரை வெளியே வரும். "எனக்குக் கேட்டுச்சு, உமக்கும் கேக்கும், போடும்வே" என்பார்கள். பாசத்துக்குக் குறைச்சலே இல்லை. அந்தப் பாசத்தால் இன்னும் யாரும் போய்ச் சேராதது அவர்கள் அதிர்ஷ்டம்.

சங்கத்தில் ஆவுடையப்பன் என்று ஒருவர். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து வெகுகாலம் தனியாக இருந்துவிட்டு, போன தையில் சொர்ணத்தைக் கல்யாணம் செய்துகொண்டார். சொர்ணம் தபால் நிலையக் கவுண்டரில் வேலை பார்ப்பவர். அவரைத் தெரியாதவர் ஊரில் இல்லை. அன்றிலிருந்து ஆவுடையப்பன் மைதானத்துக்குள் நுழைந்தாலே "மாப்பிள்ளை வாராரு" என்று ஒரு சத்தம் எழும். அவரும் வெட்கப்பட்டுக்கொண்டே ரசிப்பார்.

அவருக்கு வேகமாக நடந்தால் நெஞ்சு இறுகும். டாக்டர் தினமும் போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பக்கத்தில் சொர்ணமும் இருந்தார். டாக்டர் பொறுமையாக விளக்கினார். இது வலி வராமல் தடுக்கிற மாத்திரை. வந்துவிட்ட வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிறது வேறு. தடுப்பு மாத்திரையை உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது; நிறுத்தினால் வலி திரும்பி வரும். பிறகு குரலைத் தணிக்காமலே சொன்னார்: "ஆண்மைக்குன்னு கடையில குடுக்கிற மாத்திரை பக்கம் போகவே கூடாது. ரெண்டும் சேர்ந்தா பிரஷர் ஒரேயடியா இறங்கி உயிருக்கே ஆபத்து. நாக்குக்கடியில வைக்கிற மாத்திரைக்கும் இதேதான்."

ஆவுடையப்பன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொர்ணம் டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஒரு நாள் காலை, நடந்துகொண்டிருந்த ஆவுடையப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார். சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. "வாயுவா இருக்கும், ஒரு பன்னீர் சோடா வாங்கியாங்க" என்றார் ஒருவர். தையல்கடை மீரான் அவரை விலக்கினார். "சோடாவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அண்ணாச்சியை எழுப்பாதீங்க, நடக்க விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே 108-ஐக் கூப்பிட்டார்.

சங்கச் செயலாளர் நம்பிராஜனும் நெஞ்சு நோயாளி. தன் பையில் இருந்த, நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரையை எடுத்து, "வாயத் தொறயும்வே" என்றார். ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார். நம்பிராஜன் தாடையைப் பிடித்துப் பார்த்தார். தலை மட்டும் இடமும் வலமும் ஆடியது, வாய் திறக்கவில்லை. "இந்த நேரத்திலயும் வீம்பா?" என்று நம்பிராஜன் அழாத குறையாகக் கத்தினார்.

அப்போதுதான் சொர்ணம் வாசல் பக்கமிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார். கூட்டத்தில் அவருடைய கூடப் பிறந்த அண்ணன் நின்றார். தினமும் கவுண்டருக்கு வருகிற முகங்கள் முழுக்க நின்றன. சொர்ணம் நம்பிராஜனின் விரலில் இருந்ததைப் பார்த்தார், புருஷன் பல்லைக் கடித்திருப்பதையும் பார்த்தார்.

"அண்ணாச்சி, அதை வைக்காதிய! நேத்து ராத்திரி அவுக வேற மாத்திரை போட்டிருக்காக."

"என்ன மாத்திரைம்மா?"

"ஆண்மை மாத்திரை. இப்பத்தான் தலையணைக்கடியில காலி அட்டையப் பாத்தேன். நெஞ்சு மாத்திரையையும் ரெண்டு நாளா போடாம வச்சிருக்காக."

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் அடங்கியது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். சொர்ணம் குனியவில்லை. நம்பிராஜன் மாத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஆவுடையப்பனுக்கு நினைவு மங்கி, தாடை தளர்ந்துவிட்டது. அதில் வந்தவரும் முதல் காரியமாக நாக்குக்கடியில் வைக்கிற அதே மாத்திரையைத்தான் கையில் எடுத்தார். சொர்ணம் அவரிடமும் சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் அதையே, ஒரு வார்த்தை குறையாமல் சொன்னார். டாக்டர் வேறு வழியில் சிகிச்சை பார்த்தார். ஆவுடையப்பன் பிழைத்தார்.

ஆண்டுவிழா வந்தது. உயிர் காத்தவருக்குப் போர்த்த நம்பிராஜன் ஒரே ஒரு பொன்னாடை வாங்கி வைத்திருந்தார். மீரானுக்கே என்றது ஒரு கூட்டம்: அவர் இல்லாவிட்டால் சோடா குடித்தே நேரம் போயிருக்கும். ஆவுடையப்பனுக்கே என்றது இன்னொரு கூட்டம்: தப்பு செய்தவர்தான், ஆனாலும் அந்த வலியிலும் டாக்டர் சொன்னதை நினைத்து வாயை மூடினாரே, அவர் வாய் திறந்திருந்தால் சொர்ணம் வந்தும் பயனில்லை. சொர்ணத்துக்கே என்றது மூன்றாவது கூட்டம்.

இனி நீங்கள் சொல்லுங்கள். அந்தப் பொன்னாடை யார் தோளில் ஏற வேண்டும்?

விடை: சொர்ணத்தின் தோளில்தான். மீரான் அழைத்த வண்டியிலும் அதே மாத்திரை காத்திருந்தது. ஆவுடையப்பன் கடித்த பல், நினைவு இருக்கும்வரைதான் காவல். அதன் பிறகு அவரைக் காத்தது சொர்ணம் சொன்ன உண்மை ஒன்றுதான். கேட்கிறவர் யார், நாளைக்கு ஊர் என்ன பேசும் என்றெல்லாம் பார்க்காமல் சொன்ன அந்தத் தைரியத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கும்பிடத் தோன்றுகிறது. அவர் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, கவுண்டரில் யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற மைதானத்துப் பெரியவர் ஒருவர் தன் முறை வந்ததும் ஜன்னலுக்குள் குனிந்து, பின்னால் நிற்பவருக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "எம்மா, அந்த டாக்டர் என்னைக்கெல்லாம் இருப்பாரு?"