கூடைக்குள் பூத்த சாமந்தி

முன்னொரு காலத்திலே, இருட்டைக் கண்டால் நடுங்குகிற ராஜா ஒருத்தர் இருந்தார். பெரிய மீசை, சின்ன தைரியம். அவருக்காக மிண்டன் என்ற மந்திரவாதி அரண்மனை உச்சியில் ஒரு மாய விளக்கை மாட்டினான். சூரியன் மறைந்தாலும் வெளிச்சம் மறையவில்லை. அன்றோடு ஊருக்குத் தூக்கம் போயிற்று. எல்லார் தூக்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு மிண்டன் மட்டும் குறட்டை விட்டான்.

“விளக்கை இறக்கப்பா, தாங்கலை” என்று ராஜாவே கெஞ்சினார்.

“அரண்மனைத் தோட்டத்துல சாமந்தி பூத்தா தானே அணையும்” என்று சிரித்தான் மிண்டன். மந்திரம் என்றால் முறிவு ஒன்று சொல்லியாக வேண்டுமே!

உத்தரவு தோட்டக்காரி செம்பாயிக்கு வந்தது. கைக்குழந்தைக்காரி. பிள்ளை கொட்டக் கொட்ட விழித்து, அழுது அழுது இளைத்துக்கொண்டிருந்தது. பிள்ளை பிழைக்கப் பூ பூக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தோட்டத்தில் சாமந்தி மாதிரியே இலையோடு களைகளும் மண்டிக் கிடந்தன. கசக்கி முகர்ந்து, வாசனையால் சாமந்தியைக் கண்டுபிடித்து, ஆடியில் பக்கக் கன்று பிரித்து நட்டாள். எருப் போட்டாள், இலை வந்தது, மொட்டு வரவில்லை. நுனி கிள்ளினாள், கிளை வந்தது, மொட்டு வரவில்லை. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தது. அப்போதும் மொட்டு வரவில்லை.

அலுத்துப்போய்ச் செடியருகே சரிந்தாள். பிள்ளை சிணுங்கியது.

“கண்ணு கூசுதா சாமி?” என்று முந்தானையால் அதன் முகத்தை மூடினாள். பிள்ளை ஒரு கொட்டாவி விட்டது.

“எனக்கும் கூசுது தாயி” என்றது செடி.

செம்பாயி திடுக்கிடவில்லை. திடுக்கிடவும் தெம்பு வேண்டாமா? “இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்றாள்.

“எருவக் கொட்டின, நுனியக் கிள்ளின. என்ன வேணும்னு கேட்டியா? ராத்திரி நல்லா இருட்டினாத்தான் எனக்கு மொட்டு வைக்கும்.”

சாணி மெழுகிய கூடையைக் கொண்டுவந்தாள். பொழுது சாய்ந்தால் செடிமேல் கவிழ்த்தாள், விடிந்தால் எடுத்தாள். கை கடுத்தது, கவிழ்த்தாள், எடுத்தாள். கண் எரிந்தது, கவிழ்த்தாள், எடுத்தாள்.

“என்ன, கோழியா அடைக்கிற?” என்றான் மிண்டன்.

“ஆமாங்க” என்றாள். வாயாட அவளால் முடியவில்லை.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் கூடையோடு குனிந்தாள். மஞ்சளாய் ஒரு பூ விரிந்திருந்தது. மேலே விளக்கு படாரென்று வெடித்தது. ஊரெல்லாம் இருட்டு! பிள்ளை அவள் தோளிலேயே தூங்கிவிட்டது. செம்பாயிக்கு அழுகை வந்தது. அழுது முடிப்பதற்குள் அவளும் தூங்கிவிட்டாள். ராஜா நடுங்கப் பார்த்தார். நடுங்குவதற்குள் குறட்டை வந்துவிட்டது. மிண்டன் மட்டும் விழித்திருந்தான், அன்றும் அதற்குப் பிறகும்.

விடிந்ததும் ராஜா பரிசோடு வந்தார். தாயும் பிள்ளையும் செடியடியில் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காவலாளி எழுப்பப் போனான். ராஜா வாயில் விரலை வைத்து அவனைத் தடுத்தார். பிறகு தம் வெண்குடையை வாங்கி, அவர்கள் முகத்தில் வெயில் படாமல் தாமே பிடித்துக்கொண்டு நின்றார். நாமும் சத்தம் போடாமல் இப்படியே நழுவிவிடுவோம்.